மேடையில் தோல் கிழிந்தால்...

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசுங்க சார், மிருதங்கம் பத்தி எது வேணும்னாலும் பேசுங்க" என்றார் செயலாளர். எது வேண்டுமானாலும் என்று மிருதங்கக்காரனிடம் சொல்வது ஆபத்து. தாளத்தின் பெருமையை எடுத்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே பெருமைகளை ஒதுக்கிவிட்டு, கச்சேரி நடந்து கொண்டிருக்கும்போதே வாத்தியம் கைவிட்டால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியவே தெரியாது. தெரியாமல் பார்த்துக் கொள்வதுதான் எங்கள் தொழிலில் பாதி.

மிருதங்கத்தின் உடல் பலா மரம். அதைப் பற்றிக் கவலை இல்லை. கீழே போட்டு உடைத்தாலொழிய அது மேடையில் நம்மை ஏமாற்றாது. வம்பெல்லாம் தோலில்தான். மாடு, ஆடு, எருமை என்று மூன்றின் தோலும் இந்த ஒரே வாத்தியத்தில் இருக்கிறது. உயிர் போன பிறகும் தோலுக்கு ஒரு குணம் போவதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் குடித்துத் தளரும். காற்று காய்ந்தால் இறுகும். தளர்ந்தால் சுருதி இறங்கும், இறுகினால் ஏறும். சென்னையில் மார்கழிக் கச்சேரிக்கு மழை ஈரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கி, நேராக ஏ.சி. ஹாலில் போய் உட்கார்ந்தால், வர்ணம் முடிவதற்குள் வாத்தியம் பாடகரை விட்டு மேலே போயிருக்கும். கோயில் மைதானத்தில் நேர் எதிர். பனி இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும். மேடை விளக்கை வலந்தலைக்கு நேரே திருப்பி வைத்துவிட்டார்கள் என்றால் இன்னொரு கணக்கு.

சுருதி கொஞ்சம் விலகினால் என்ன குடி முழுகிப் போயிற்று, அது வெறும் தட்டுகிற வாத்தியம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. இயற்பியல் துறை நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அது கரணை. கிட்டான் கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன் மேல் இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று மணிக்கணக்கில் ஏற்றுவது. சர் சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். வெறும் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறி வரும். நடுவில் இப்படிக் கனம் ஏற்றிய தோலில் மட்டும் அவை தந்தி வாத்தியத்தில் வருவது போல ஒழுங்கான விகிதத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. மிருதங்கத்துக்குச் சுருதி என்று ஒன்று இருப்பதே அதனால்தான். கரணையின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த வரிசை குலைகிறது. பெரிய ஞானம் எதுவும் வேண்டாம். பாடுகிறவர் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார், அதிலேயே தெரிந்துவிடும்.

தினசரித் தொல்லை இந்தச் சுருதி விலகல்தான். கையில் ஒரு கூழாங்கல், ஒரு சின்ன மரக்கட்டை. வலந்தலையைச் சுற்றி இருக்கும் பின்னலில் வார் கோத்த 16 கண்கள் உண்டு. மேலிருந்து கீழாகத் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். எல்லாக் கண்ணிலும் ஒரே ஒலி வர வேண்டும். தட்டத் தெரிந்தால் போதாது, எப்போது தட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாடகர் ராக ஆலாபனை பண்ணும்போது எங்களுக்கு வேலை இல்லை. ஆனால் அப்போது கல்லை எடுத்து டக்கு டக்கு என்று தட்டினால் ராகம் செத்துப் போகும். பாட்டு முடிந்து கைதட்டல் எழுகிற அந்தப் பத்து, பதினைந்து விநாடிதான் எங்கள் பொழுது. ரசிகர்கள் நீளமாகக் கைதட்டினால் பாடகரை விட அதிகம் சந்தோஷப்படுகிறவன் மிருதங்கக்காரன்!

இடது பக்கம், அதாவது தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புகிறோம். கும்கி வருவது அதனால். ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாக வைத்து, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விசிறிக் காற்று நேரே அடித்தால் ஒரு மணி நேரத்தில் அது காய்ந்து வெடித்து, நல்ல இடமாகப் பார்த்து விழும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு உருண்டை ரவையும் வைத்துக் கொண்டால் தீர்ந்தது. "என்ன சார், மேடையில உப்புமாவா?" என்று ஒரு சின்னப் பையன் என்னைக் கேட்டிருக்கிறான்.

கடம் வாசிக்கிறவர் பாடு வேறு. கடத்துக்குச் சுருதி சேர்ப்பது சூளையில்தான். வெந்து வந்த பிறகு பெரிதாகக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு பானை. மானாமதுரைக் கடம் கனமானது, நாதம் கணீரென்று இருக்கும். ஆனால் மயிரிழை விரிசல் விட்டால் அதற்குப் பிறகு ரயிலில் தூக்கி வருவது கூட வீண். கஞ்சிராவோ எல்லாவற்றையும் விடச் செல்லப் பிள்ளை. தோலில் தண்ணீர் தெளித்துத்தான் சுருதியை இறக்க வேண்டும். கூடிப் போனால் சத்தமே எழும்பாது, குறைந்தால் தகரம். காயக் காய மறுபடி தெளித்துக் கொண்டே இருக்க வேண்டும். முன்பு அதற்கு உடும்புத் தோல் போட்டார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது குற்றம். ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் அதே நாதத்தைக் கொண்டுவர இன்று வரை முயன்று கொண்டிருக்கிறார்கள்.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பிகள் இரண்டு பேர் முன் வரிசையில் சிரிக்கிறார்கள். உங்கள் கதையும் எனக்குத் தெரியும். கல்யாண மேடையில் பேஸ் டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகரும். அதற்கு முட்டாக ஒரு செங்கல் வைக்காத குழுவை நான் பார்த்ததில்லை. பெடல் ஸ்பிரிங் அறுந்தால் காலின் வேலையைக் கை எடுத்துக் கொள்ள வேண்டும். வலது பக்கம் நிற்கிற பெரிய டாமில் அந்த அடியைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். கரண்ட் போனால் கீபோர்டும் பேடும் ஊமை, டிரம்ஸ் மட்டும் தனியே பேசிக் கொண்டிருக்கும். இது நம் ஊர்ப் பிழைப்பு மட்டும் இல்லை. 1964 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டனில் பீட்டில்ஸ் கச்சேரி. நாலு பக்கமும் ஜனம். எல்லாருக்கும் முகம் தெரிய வேண்டுமென்று ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸைச் சுழலும் பலகை மேல் வைத்தார்கள். பலகை சிக்கிக் கொண்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்தப் பலகையோடு மல்லுக்கட்டித் திருப்பிய பிறகுதான் அடுத்த பாட்டு. அவருக்கும் ஒரு செங்கல் கிடைத்திருக்காது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. சுருதி விலகினால் சேர்க்கலாம், ரவை விழுந்தால் ஒட்டலாம். தோல் கிழிந்தால்?

2009 தை மாதம். ஒரு கோயில் திருவிழா, திறந்தவெளி மேடை. பாடுகிற அம்மாவுக்கு 5 கட்டை சுருதி. எனக்கு நெடுநாள் பழக்கமானவர், வயதிலும் அனுபவத்திலும் என்னைவிடப் பெரியவர். பெண்களுக்கு வாசிக்கும் மேல் சுருதி மிருதங்கத்தில் தோல் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். பிரதான கிருதி பாடி, கற்பனை ஸ்வரம் உச்சத்தில் போய்க் கொண்டிருந்தது. வலது கையில் ஒரு மீட்டு விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காதுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். நாதம் இல்லை, பலகையில் தட்டினாற்போல ஒரு சத்தம். ஓரத்தில், பின்னலை ஒட்டி, இரண்டு விரல்கடை கிழிந்திருந்தது.

தாளம் நிற்கக் கூடாது. கிழிந்த தோல் அடிக்க அடிக்க இன்னும் போகும். நான் வலது கையை அப்படியே ஒதுக்கிவிட்டுத் தொப்பியில் மட்டும் அடி போட்டுக் கொண்டு கடம் வாசித்த அண்ணாவைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், வாத்தியத்தைப் பார்த்தார், ஒரு ஆவர்த்தனத்துக்குள் சொற்கட்டு முழுவதையும் தன் பானைக்கு வாங்கிக் கொண்டார். கீழே இருந்தவர்களுக்குக் கடத்துக்கு இடம் கொடுக்கிறான், பெரிய மனசுக்காரன் என்றுதான் தோன்றியிருக்கும். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த சுற்றில் அவர் பாட வேண்டிய ஸ்வரத்தைப் பாடாமல் வயலினுக்குத் தள்ளிவிட்டார். வயலின்காரரும் புரிந்து கொண்டு நாலு ஆவர்த்தனம் கூடவே வாசித்தார்.

என்னிடம் இரண்டாவது மிருதங்கம் இருந்தது. அது 4½ கட்டையில் நின்றது. அரைக் கட்டை ஏற்ற வேண்டும், 16 கண்ணும் தட்ட வேண்டும், தொப்பிக்கு ரவை வைக்க வேண்டும். எப்படி அவசரப்பட்டாலும் ஐந்தாறு நிமிஷம் ஆகும். கிருதி முடிந்தால் முறைப்படி உடனே தனி ஆவர்த்தனம். தனி என்பது மிருதங்கக்காரனுடைய நேரம். வாத்தியம் இல்லாமல் தனியாக என்ன செய்வது?

ஸ்வரத்தை முடித்து, கிருதியையும் முடித்து, அந்த அம்மா கண்ணை மூடிக் கொண்டு ஒரு விருத்தத்தை எடுத்தார். இசை பழகாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. ராகத்தை மாற்றி மாற்றி, சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பாடுவது. பாடகரும் வயலினும் மட்டும் போதும், மிருதங்கம் வேண்டவே வேண்டாம். வழக்கமாகக் கச்சேரியின் கடைசியில் வருகிற அதை அவர் தனிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார், எனக்காக. என் மாணவன் இரண்டாவது மிருதங்கத்தையும் சுருதிப் பெட்டியையும் தூக்கிக் கொண்டு மேடைக்குப் பின்னால் மதில் ஓரமாகப் போய்விட்டான். கல் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, மைக்குக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா மூன்று ராகம் பாடினார். நாலாவது ராகம் எடுக்கும்போது வாத்தியம் என் மடிக்கு வந்துவிட்டது. விரல் நுனியால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சேர்ந்திருந்தது. நான் தலையசைத்தேன். விருத்தத்தை முடித்தார், விட்ட இடத்திலிருந்து பல்லவியை ஒரு முறை எடுத்துப் பாடி, "வாசிங்க" என்று கையைக் காட்டினார்.

கச்சேரி முடிந்து ஒரு பெரியவர் வந்தார். "தனிக்கு முன்னாடி விருத்தம் பாடினீங்களே, நான் கேட்டதே இல்லம்மா. புது முறையா?" என்றார். "ஆமா மாமா, ரொம்ப நாளா பண்ணிப் பாக்கணும்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். நான் பக்கத்தில்தான் நின்று கொண்டிருந்தேன். "இவருக்குத் தோல் கிழிஞ்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்கப் போவதில்லை. சொல்லவில்லை.

இப்போது சில இளம் வித்வான்கள் மேடையில் ஏதாவது ஆனால் முகத்தைச் சுளித்து, சவுண்ட்காரரை முறைத்து, வாத்தியத்தைச் சபைக்குத் தூக்கிக் காட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வயதாகிவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து, மிருதங்கம் மூட்டுகிறவர் வீட்டுக்குப் போனேன். பின்னலும் தோலும் சேர்ந்த அந்த முழு வாயை மூட்டு என்பார்கள். அவர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, கிழிந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். "இங்க பாருங்க சார், நரம்பு ஓடின இடம். மேல பாத்தா தெரியாது. எனக்கே தெரியலையே" என்றார். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து புது மூட்டு போட்டார். வாரைப் பிடித்து இழுக்கும்போது காலை மிருதங்கத்தின் மேல் ஊன்றி முழு உடம்பையும் பின்னால் சாய்க்க வேண்டும். அவர் உள்ளங்கையைப் பார்த்தால் மிருதங்கம் வாசிக்கிறவன் தன் கையைக் காட்ட வெட்கப்படுவான். கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயர் இருக்கும், என் பெயர் இருக்கும், பந்தல் போட்டவர் பெயர் கூட இருக்கும். இவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

பாலக்காடு மணி ஐயர் 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்ட அவருடைய நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்துப் பர்லாந்து என்பவரின் கை இருந்தது. இந்தத் தோலை இப்படிப் போடு, அதை அப்படிப் போடு என்று இரண்டு பேரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சோதனை செய்திருக்கிறார்கள். 2020-இல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் வெளியுலகத்தில் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்தன. மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். மாட்டுத் தோலைத் தொடுகிற கை வேறு, அதில் வாசித்துப் பாராட்டு வாங்குகிற கை வேறு என்று நாம் பிரித்து வைத்தோம். அந்தப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். சில பக்கங்கள் எங்களுக்கு உறுத்தும். உறுத்தட்டும்.

நான் சொன்ன அந்தப் பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் இருசக்கர வாகன ஷோரூமில், இன்னொருவர் வெளிநாட்டில். "நீங்க ஏன் கத்துக் குடுக்கலை?" என்று கேட்டேன். "அவங்க கேக்கலை, நானும் சொல்லலை. இந்த வாடை என்னோட போகட்டும்னு இருந்துட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஃபைபர் உடலும் செயற்கைத் தோலும் போட்டு, ஸ்பானரால் முடுக்கிச் சுருதி சேர்க்கிற மிருதங்கங்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. விமானத்தில் போக, பழகிக் கொள்ள, மழை நாளில் சமாளிக்க அவை உதவும். நான் எதிரி இல்லை. ஆனால் பலா மரமும் தோலும் போட்ட மிருதங்கத்தோடு மேடை ஏற நினைக்கிற யாருக்கும் இன்னும் இருபது வருஷம் கழித்து, கிழிந்ததை எடுத்துக் கொண்டு போய் நிற்க ஒரு வாசல் வேண்டும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். காலையில் நம் கல்லூரி இசைக் கழக அறையைத் திறந்து பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் நாலு மிருதங்கம் கிடக்கிறது. இரண்டில் வலந்தலை கிழிந்திருக்கிறது, ஒன்றில் கரணை பாதி இல்லை, நாலாவதில் எலி குடித்தனம் இருந்திருக்கிறது. மாணவர்களைக் கேட்டால் "ரிப்பேர் சார்" என்கிறார்கள். ரிப்பேர் இல்லை தம்பி, தோல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மரம் நாலும் நன்றாக இருக்கிறது. இந்த வருஷம் எங்களுக்கெல்லாம் கேடயம் கொடுக்க வேண்டாம், சால்வையும் வேண்டாம். அந்தப் பணத்தில் மூட்டுகிறவரை மூன்று நாள் இங்கே வரவழைத்து, கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கொடுத்து, அதே நாற்காலியில் உட்கார வைத்து, மாணவர்கள் முன்னால் நாலு மிருதங்கத்தையும் மூட்டச் சொல்லுங்கள். அவரிடம் பேசிவிட்டேன். "காலேஜ்லயா? என்னையா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு பொங்கலுக்கு அப்புறம் வருவதாக ஒப்புக் கொண்டிருக்கிறார். பஸ் செலவு என்னுடையது. அழைப்பிதழில் அவர் பெயரைப் போட வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நானும் பார்த்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு இசைக் கழக அறையில் இருப்பேன். கல்லும் கட்டையும் கொண்டு வந்திருக்கிறேன், ரவையும் இருக்கிறது. சுருதி சேர்க்கக் கற்றுக் கொள்ள விருப்பமுள்ள மாணவர்கள் வரலாம். டிரம்ஸ் தம்பிகளும் வாருங்கள், செங்கல் வேண்டாம்.